அறுபடாத கணக்கு

என் தகப்பனார் மன்னார்குடித் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்த காலத்தில், அந்தக் கட்டடத்தை அடுத்த திறந்தவெளியில் கம்பி வேலிக்குள் நட்டிருந்த மழைமானியைக் காலைதோறும் திறந்து, உள்ளே சேர்ந்திருக்கும் நீரைக் கோடிட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்து, கண்ட அளவைப் பதிவேட்டில் எழுதிவைப்பது அவருடைய பொறுப்பாக இருந்தது. ஐந்து அங்குல விட்டமுள்ள வட்டவாயுடன் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நின்ற அந்த உபகரணத்தை ஸைமன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் பெயரால் வழங்குவார்கள். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் நானும் அப்பாவுடன் போவேன். அடைமழைக் காலத்தில் குவளை மீண்டும் மீண்டும் நிறைவதைப் பார்ப்பதில் எனக்கிருந்த உற்சாகம், பங்குனியிலும் சித்திரையிலும் வறண்டு கிடந்த பாத்திரத்தை அவர் அதே சிரத்தையுடன் திறந்து, உள்ளே உற்றுப் பார்த்து, மூடிவிட்டு, ஒரு பூஜ்யத்தை எழுதுவதைக் காண்பதில் இருந்ததில்லை.

"மழைதான் பெய்யலையேப்பா, எதுக்குத் திறந்து பாக்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெய்யலைன்னு எழுதணும்ல? எழுதாம விட்டுட்டா, நாளைக்கு இதைப் பாக்கிறவனுக்கு மழை வரலையா, நான் வரலையான்னு எப்படிடா தெரியும்?" என்றார் அவர்.

பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு என்னும் இந்த விவேகம், பின்னாளில் நான் பௌதிக ஆசிரியனாகி, அளவைகளின் பிழைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எத்தனையோ பாடங்கள் நடத்திய பிறகும், நான் கற்றவற்றுள் முதன்மையானதாகவே நிலைத்துவிட்டது. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில், பண்டகசாலையின் முன்னே ஒரு முழ அகல வாயுள்ள குண்டத்தை மழையளக்க வைக்க வேண்டும் என்று விதித்திருப்பதைப் படித்தபோது, தானியத்தின் கணக்கும் மழையின் கணக்கும் ஒரே வாசலில் எழுதப்பட வேண்டியவை என்ற அந்தப் பழைய நிர்வாகிகளின் நோக்கம் எனக்கு மிகவும் இயல்பாகத் தோன்றியது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் அமைத்த வானாராய்ச்சி நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் எழுதத் தொடங்கிய வானிலைக் குறிப்புகளுக்கு இன்றளவும் விஞ்ஞானிகளிடையே இருந்துவரும் மதிப்புக்கும், அவற்றில் உள்ள எண்களின் நுட்பத்தைவிட, அவை தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து எழுதப்பட்டவை என்பதே காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பாமணி ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில் நிரந்தரமாகத் தங்கிய பிறகு, சொந்தமாக ஒரு வானிலை நிலையம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டாயிற்று. ஊர் மழைமானி காட்டும் அளவு ஊருக்குத்தான் பொருந்தும். கோடை இடிமழை மன்னார்குடியில் நாலு சென்டிமீட்டர் கொட்டிவிட்டு, வடுவூர் ஏரிக்குப் போகும் வழியில் புழுதியைக்கூட நனைக்காமல் நின்றுவிடுவதை நாங்கள் எப்போதும் பார்த்துவருகிறோம். அக்கம்பக்கத்து விவசாயிகள், "வாத்தியாரே, நேத்து ராத்திரி எத்தனை உழவு மழை இருக்கும்?" என்று கேட்கும்போது, ஊகமாக ஒரு பதில் சொல்ல எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஆயினும் இந்த ஆசையை ஒரு தீர்மானமாக மாற்றியது கஜா புயல்தான்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி நள்ளிரவைக் கடந்து, 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று மேற்கே நகர்ந்தபோது, தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்த கோரத்தை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதை அநுபவித்தவர்கள் மறக்கவும் மாட்டார்கள், அநுபவியாதவர்களுக்கு என் சொற்களால் அது விளங்கிவிடவும் போவதில்லை. என் விஷயத்துக்கு வேண்டியது வேறொன்று. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வசித்த நண்பர் ஒருவர், புயலுக்கு முந்திய ஆண்டே தம் மொட்டைமாடியில் ஒரு சிறிய வானிலை நிலையத்தை நிறுவியிருந்தார். மழை, காற்று, வெப்பம், ஈரப்பதம், வளிமண்டல அழுத்தம் ஆகிய எல்லாவற்றையும் அது அளந்து, வீட்டினுள் இருந்த திரைக்கு அனுப்பும். அந்தத் திரை அவற்றை இணையத்தின் வழியே எங்கோ ஒரு தூரதேசத்துக் கணினியில் சேமிக்கும். புயல் ஓய்ந்து சில நாட்கள் கழித்து, அந்த இரவில் அழுத்தம் எவ்வளவு தூரம் இறங்கியது, காற்று எந்த நாழிகையில் திசை திரும்பியது என்று அறியும் ஆவலுடன் அவர் வீட்டுக்குப் போனேன். பாதுகாப்பின் பொருட்டு மின்விநியோகம் முன்னதாகவே நிறுத்தப்பட்டிருந்தமையால், புயல் கரைக்கு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே அந்தப் பதிவு நின்றுபோயிருந்தது. மாடியில் இருந்த கருவி தன் சிறிய பேட்டரியின் துணையால் இரவெல்லாம் அளந்துகொண்டும் அனுப்பிக்கொண்டும்தான் இருந்திருக்கிறது. கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய திரை கீழே மின்சாரமின்றிக் கிடந்தது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்துவிட்டபடியால், அந்த வெற்றிடம் வாரக்கணக்கில் நீண்டது.

வானிலை நிலையத்தின் பிரயோஜனம் முழுவதும் எந்த இரவுக்காக இருக்கிறதோ, அந்த இரவில்தான் மின்சாரம் நிச்சயமாக இராது. இதைத் தற்செயலான இடையூறு என்று எண்ணலாகாது. காற்று கடுமையானால் கம்பி அறும், வெள்ளம் வந்தால் மின்நிலையம் மூழ்கும், ஆகவே அளக்கப்படும் பொருளே அளக்கும் கருவியின் ஆகாரத்தைப் பறித்துக்கொள்கிறது. இந்த உண்மையை மனத்தில் வாங்கிக்கொண்டவன், கடையில் அடுக்கியிருக்கும் நிலையங்களை நுட்பத்தாலும் அழகாலும் தரம் பிரிக்க மாட்டான். ஒவ்வொன்றும் எதைக் கொண்டு உயிர் வாழ்கிறது, எத்தனை நாள் பட்டினி கிடக்கும் என்றுதான் விசாரிப்பான். நானும் அவ்வாறே விசாரிக்கலானேன்.

மின்சாரமே வேண்டாத வழி ஒன்று இருக்கிறது. அதை நான் எவரிடத்திலும் இழிவாகப் பேசியதில்லை. அளவைக் குவளையுடன் ஒரு மழைமானி, அதிகபட்ச வெப்பத்தையும் குறைந்தபட்ச வெப்பத்தையும் காட்டும் வெப்பமானிகள், மரத்தால் செய்த ஒரு சாளரப் பெட்டி, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். 1977ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்தருகே கரையேறிய புயலுக்கு மறுநாள், முழங்கால் நீரில் நடந்து போய், தாலுகா ஆபீஸ் மழைமானியில் இருந்ததை அப்பா அளந்து எழுதினார். கருவிக்குப் பசி இல்லை. மனிதனுக்குக் கடமையுணர்ச்சி இருந்தால் போதுமானதாயிருந்தது. ஆனால் அந்த முறையில் கிடைப்பது இருபத்துநான்கு மணி நேரத்து மழையின் கூட்டுத்தொகையே. அதில் எவ்வளவு முன்னிரவில் பெய்தது, எவ்வளவு விடியலில் பெய்தது, நடுவே காற்று எப்போது அடங்கி எப்போது எதிர்த்திசையில் எழுந்தது என்பதைப் பாத்திரம் சொல்லாது. உயிருக்குத் துணிந்தவனைத் தவிர வேறு எவனும் அந்த நேரத்தில் வெளியே போய்ப் பார்க்கவும் முடியாது. ஆகையால் கைமானியை வைத்துக்கொண்டே, அதற்குத் துணையாகத் தானே எழுதும் ஒரு நிலையத்தையும் அமைப்பது என்று நிர்ணயித்தேன்.

அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன், அங்கே பிரசித்தமான ஒரு நிலையத்தை வாங்கி வருவதாக அன்புடன் சொன்னார். அந்நாட்டு மாதிரிகள் 915 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் பேசுகின்றன. நம் தேசத்தில் உரிமமின்றி உபயோகிக்க அனுமதிக்கப்பட்ட அலைவரிசை அதுவன்று. இதை அவருக்கு விளக்கி, வேண்டாமென்று எழுதினேன். இங்கே கிடைத்தவற்றுள், எல்லா உறுப்புகளும் ஒரே கம்பத்தின் தலையில் கூடியிருக்கும் வகை மிகவும் சுலபமாக நிறுவக்கூடியது. இருந்தும் அது என் மனத்துக்கு இசையவில்லை. காற்றுமானிக்கு உயரம் வேண்டும். சர்வதேச வழக்குப்படி அதன் ஸ்தானம் திறந்தவெளியில் தரைக்கு மேல் பத்து மீட்டர். வெப்பமானிக்கோ புல்தரைக்கு மேல் ஆளுயரமே உரிய இடம். மழைமானி, பக்கத்திலுள்ள மரம் அல்லது சுவர் தன்னைவிட எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கேனும் விலகி நிற்க வேண்டும். மூன்றையும் ஒரே கம்பத்தில் கட்டி மொட்டைமாடியில் நிறுத்தினால், சித்திரை வெயிலில் காய்ந்த தளவரிசையின் அனலை அளந்து, அதையே ஊரின் வெப்பம் என்று எழுத நேரும். உறுப்புகளைத் தனித்தனியே வைக்க இடங்கொடுக்கும் நிலையத்தையே தேடினேன்.

மழைத்துளியின் அதிர்வை உணர்ந்து அளக்கும் புதுவகை மானிகளையும், மீயொலியால் காற்றை அளக்கும் கருவிகளையும் பார்த்தேன். அசையும் உறுப்பு எதுவும் இல்லாமையால் அவை தேய்வதில்லை என்பது பெரிய சௌகரியந்தான். எனினும் துளியின் அதிர்வைக் கணித்து மழையின் அளவை ஊகிப்பதைவிட, நீரையே பிடித்து அளப்பது எனக்கு அதிக நம்பிக்கையைத் தந்தது. கவிழ்தொட்டி மானியில் நடு அச்சின் மேல் இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கும்; ஒன்றில் 0.2 மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீர் சேர்ந்தவுடன் அது சாய்ந்து கொட்ட, மற்றது வாயை நிமிர்த்தும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம், கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் மெல்லிய விசையைக் கடந்து போய் ஓர் எண்ணைக் கூட்டும். மழை வலுக்கும்போது, கிண்ணம் சாயும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் சேராமல் போவதால் இந்த மானி சற்றுக் குறைத்தே காட்டும். அதைத் திருத்துவதற்குத்தான் கைமானி பக்கத்திலேயே நிற்கிறது.

மின்சார விஷயத்தில், பேருந்து நிலையத்துக்கு அருகே டி.வி. ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் எனக்கு ஆசானாக இருந்தான். முதலில் அவன், நிலையத்தைத் தானே செய்து தருவதாகச் சொன்னான். கம்பியில்லா இணைய வசதியுள்ள சிறு சில்லு ஒன்று, விழித்திருக்கும்போது ஏறக்குறைய நூறு மில்லியாம்பியர் மின்சாரம் இழுக்கும். மூவாயிரம் மில்லியாம்பியர்-மணி கொண்ட ஒரு லித்தியம் பேட்டரி அதை முப்பது மணி நேரந்தான் தாங்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஐந்து விநாடி மட்டும் விழிக்கச் செய்து, மற்ற வேளையெல்லாம் உறங்கவிட்டால், அதே பேட்டரி இரண்டு மாதத்துக்கு மேல் வரும். இந்தக் கணக்கை அவன் கடைக் கல்லாவின் மேல் ஒரு சீட்டில் எழுதிக் காட்டியபோது, நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவன் எனக்கே திருப்பி நடத்துவதைக் கண்டு உள்ளம் நிறைந்தது. ஆனாலும் புயற்காற்றின் வேகவீச்சு என்று நிபுணர்கள் குறிப்பது மூன்று விநாடிச் சராசரியை. கூரையைப் பெயர்க்கும் அந்த மூன்று விநாடி, கருவி உறங்கும் ஐந்து நிமிஷத்துக்குள் வந்து போய்விடக்கூடும். மழைக் கிண்ணத்தின் காந்தவிசை உறங்கும் சில்லைத் தட்டி எழுப்ப வல்லது. காற்றுக்கு அவ்வகை உபாயம் எளிதன்று. ஆகவே எப்போதும் விழித்திருக்கும் கருவியே வேண்டுமென்றேன்.

கடையில் விற்கும் கம்பியில்லா நிலையங்கள் இந்தச் சங்கடத்தை வெவ்வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. டேவிஸ் நிறுவனத்தின் வான்டேஜ் ப்ரோ 2 என்ற நிலையத்தின் வெளிப்பகுதியில், சூரியப்பலகை பகலில் ஒரு பெரிய மின்தேக்கியை நிரப்ப, அந்தத் தேக்கம் இரவைக் கடத்த, அதுவும் வற்றினால் ஒரு லித்தியம் பேட்டரி கைகொடுக்கிறது. இரண்டரை விநாடிக்கு ஒரு முறை செய்தி அனுப்பியும் அது ஆண்டுக்கணக்கில் தாங்குவது மிகவும் பாராட்டத்தக்க சிக்கனம். சாதாரண ஆல்கலைன் பேட்டரிகளை மட்டும் நம்பியிருக்கும் வகைகளும் உண்டு. நம் ஊர் வெப்பத்தில் அவை தாமே வற்றிப்போவதுடன், உள்ளிருக்கும் காரம் கசிந்து, தொடுமுனைகளில் வெண்மையாகப் பூத்து, கருவியையே அரித்துவிடவும் கூடும். மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் வகையைப் போடலாமென்றால், அதன் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்டே ஆனபடியால், சில கருவிகள் பேட்டரி தீர்ந்துவிட்டதென்று எண்ணி முன்கூட்டியே அடங்கிவிடுகின்றன. ஒருமுறைப் பயனுக்கான லித்தியம் பேட்டரி விலை அதிகமாயினும் அதுவே இந்த இடத்துக்குத் தகுந்தது.

"எந்த பேட்டரியைப் போட்டாலும் ஒரு நாளைக்குக் கம்பத்துல ஏறி மாத்தித்தான் சார் ஆகணும். மழைக்காலத்துல நீங்க ஏணியில ஏறக்கூடாது, சொல்லிட்டேன்" என்றான் என் மாணவன்.

அவனுடைய இந்த ஒரு வார்த்தை என் யோசனையை வேறு வழியில் திருப்பியது. வெளியே மூன்று இடங்களில் மூன்று பேட்டரிகளைப் போஷிப்பதைவிட, எல்லாக் கருவிகளையும் கம்பியால் வீட்டுக்குள் இணைத்து, ஒரே பேட்டரியை நிழலான அறையில் என் கண்ணெதிரே வைத்துக் காப்பது மேலென்று தோன்றியது. கம்பிவழி நிலையங்கள் பழைய மோஸ்தர் என்று விற்பனையாளர் அபிப்பிராயப்பட்டார். எனக்கு அவை எல்லாவிதத்திலும் பொருந்தின: வானொலி அலையைப் பற்றிய கவலை இல்லை, வெளிக் கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அது தரும் செய்தியும் ஒரே கம்பியில் வந்து போகின்றன, ஏணிக்கு வேலை இல்லை. இடி மின்னலுக்கு மட்டும் பயப்பட வேண்டும். அதற்காகக் காற்றுமானிக் கம்பத்தைத் தடித்த செப்புக் கம்பியால் தரையில் ஆழப் புதைத்த கோலுடன் இணைத்து, செய்திக் கம்பிகள் வீட்டினுள் நுழையுமிடத்தில் மின்பாய்ச்சலைத் தடுக்கும் காப்புகளைப் பொருத்தி, எலி கடிக்காதபடி கம்பி முழுவதையும் பி.வி.சி. குழாய்க்குள் செலுத்தி மண்ணுக்குள் புதைத்தோம்.

பிறகு பேட்டரியின் அளவை நிர்ணயிக்க உட்கார்ந்தோம். திரையும், எல்லா எண்களையும் தன் நினைவட்டையிலேயே எழுதிக்கொள்ளும் உள்ளங்கையளவான ஒரு கணினியும், வெளிக்கருவிகளும் சேர்ந்து சுமார் ஒரு வாட் செலவழித்தன. நாளொன்றுக்கு இருபத்துநான்கு வாட்-மணி. வீட்டு இன்வர்ட்டரில் மாட்டிவிடலாமே என்று பலரும் கேட்டார்கள். அந்தப் பெட்டி தான் விழித்திருப்பதற்கு மட்டும் செலவிடும் மின்சாரம், இந்த நிலையத்தின் தேவையைப்போல் பல மடங்கு ஆகும். ஒரு வாட்டைக் காப்பதற்காக அதை நாள் முழுவதும் இயக்குவது விரயம். கஜாவின் போது எங்கள் இன்வர்ட்டர் மறுநாளே ஓய்ந்துபோயிற்று. ஆகவே நேர்மின்னோட்டத்திலேயே இயங்கும்படி தனியாக 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி அளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றை வாங்கினோம். அதன் கொள்ளளவு 256 வாட்-மணி. சூரியன் முகமே காட்டாவிட்டாலும் ஒன்பது நாளுக்குக் குறையாமல் ஓடும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறுகும். இதில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நாற்பத்தைந்து டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் மின்னேற்றுவது லித்தியம் பேட்டரிகளுக்கு ஆகாது. வெயிலில் மூடிக் கிடக்கும் பெட்டிக்குள் அந்தச் சூடு கோடையில் சர்வசாதாரணம் என்பதாலும், நிழலறையில் வைத்த தீர்மானம் சரியாயிற்று.

சூரியப்பலகை நாற்பது வாட். வெறும் ஒரு வாட் தேவைக்கு நாற்பது வாட் பலகையா என்று கேட்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை மறந்துவிடுகிறார்கள். மேகமில்லாத நாளில் அது 160 வாட்-மணி வரையில் தரும். வடகிழக்குப் பருவமழை மேகம் அடர்ந்து மூடிய நாளில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. அந்தப் பத்தில் ஒரு பங்கான 16 வாட்-மணியும் வந்துகொண்டிருந்தால், பேட்டரியிலிருந்து நாள்தோறும் எடுக்க வேண்டியது எட்டு மட்டுமே. ஒன்பது நாள் தாங்குவது நான்கு வாரம் தாங்கும். பலகையின் சாய்வையும் மழைமாதத்தை உத்தேசித்தே அமைத்தேன். ஏறக்குறைய பத்தரை டிகிரி அட்சரேகையில் இருக்கும் எங்கள் ஊரில், ஆண்டு முழுவதற்குமாகச் சேர்த்துப் பார்த்தால் மிகச் சிறிய சாய்வே உத்தமம். ஆனால் மார்கழியில் உச்சிச் சூரியன் தென்திசையில் நன்றாகத் தாழ்ந்து நிற்பதால், முப்பது டிகிரி தெற்கே சாய்த்து நிறுத்தினேன். கோடையில் கொஞ்சம் இழப்புத்தான். கோடையில் மிகுதியாக வெயில் இருக்கையில் அந்த இழப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சாய்வு அதிகமானதால் புழுதியும் பறவை எச்சமும் மழையில் தாமாகக் கழுவப்படுகின்றன.

வெப்பமானிக்குரிய சாளரப் பெட்டியை எங்கள் ஊர் ஆசாரியைக் கொண்டு பூவரசம் பலகையில் செய்வித்தேன். புதையல் தீவு என்ற கதையை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தையும், கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளருமான தாமஸ் ஸ்டீவன்சன் வகுத்த அமைப்பு அது. நான்கு பக்கமும் இரட்டைச் சாய்பலகைகள் வழியே காற்று புகும், வெயில் புகாது. வெளியில் வெள்ளை வர்ணம்.

"வாசல் கிழக்கே இருந்தாத்தானே லெட்சணம், வடக்கே வெக்கச் சொல்றீங்களே வாத்தியாரே?" என்று ஆசாரி ஆட்சேபித்தார்.

"காலையில திறந்து பாக்கிறப்ப வெயில் உள்ளே விழக் கூடாது ஆசாரி" என்றேன்.

சித்திரை முதல் ஆவணி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சென்றாலும், அப்போது அது ஏறக்குறையச் செங்குத்தாக நிற்பதால் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை என்பதையும் அவருக்குச் சொன்னேன். அவர் மிகுந்த அக்கறையுடன் கேட்டுவிட்டு, கூரைப் பலகையைத் தாமாகவே இன்னும் இரண்டு விரற்கடை நீட்டி வைத்தார். அந்த நீட்டல் புத்தகத்தில் இல்லாதது. சாரலைத் தடுப்பதில் அதனுடைய உபகாரம் பெரிது.

நிலையம் ஓடத் தொடங்கிய பின் எனக்கு மிகுந்த ஆனந்தத்தைக் கொடுத்தது மழைமானியோ காற்றுமானியோ அன்று, அழுத்தமானியே. உஷ்ணமண்டலத்தில் வளிமண்டலத்தின் அழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது: காலை பத்து மணிவாக்கிலும் இரவு பத்து மணிவாக்கிலும் உச்சம், மாலை நான்கிலும் விடியற்காலை நான்கிலும் தாழ்வு. மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் அளவேயான இந்த வேறுபாடு, ஐரோப்பா போன்ற தேசங்களில் அடிக்கடி வந்துபோகும் சூறாவளிகளின் பெரிய ஏற்றத்தாழ்வுகளில் மறைந்துவிடும். நம் நாட்டிலோ தெளிந்த நாட்களில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்னும்படி ஒழுங்காக நடக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் போதித்தும் இந்த ஓதத்தை என் கண்ணால் அதற்கு முன் நான் கண்டதில்லை. மாலை நான்கு மணித் தாழ்வைப் பார்த்துப் புயல் வருகிறதென்று பதறாமல் இருக்க வேண்டுமானால், இன்றைய அழுத்தத்தை நேற்று இதே மணிக்கு இருந்த அழுத்தத்தோடுதான் ஒப்பிட வேண்டும். வானிலைத் துறையினர் இருபத்துநான்கு மணி நேர வேறுபாட்டைக் கணக்கிடுவதன் தாத்பரியமும் இதுவே. அந்த ஒப்பீட்டுக்கு நேற்றைய எண் இருந்தாக வேண்டும். ஒரு மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டு வரைகோடு அறுந்தால், மறுநாள் அந்த ஒரு மணிக்கான ஒப்பீடும் சேர்ந்தே அறுந்துபோகும்.

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், திருகோணமலையருகே இலங்கையைக் கடந்து வந்த புரெவி புயல், மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து, ராமநாதபுரக் கரையோரம் நகராமல் நின்றுவிட்டது. காற்று பெரிதாக இல்லை. மழைதான் டெல்டா முழுவதும் விடாமல் பெய்தது. சம்பாப் பயிர்கள் நீரில் மூழ்கின. மின்சாரம் வந்து வந்து போயிற்று, சூரியனைக் காணவில்லை. இந்த வகை பேட்டரியின் மின்னழுத்தம் கடைசி வரையில் பெரும்பாலும் மாறாமல் நிற்குமாதலால், வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தை அறிய முடியாது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஒரு சிறு மீட்டரை என் மாணவன் முன்பே பொருத்தியிருந்தான். காலையிலும் மாலையிலும் அந்த எண்ணைப் பார்த்து எழுதினேன். அது கணக்கிட்டபடியே மெல்ல மெல்ல இறங்கியது, பாதியைக்கூட எட்டவில்லை. மழைக்கோடு ஒவ்வொரு மணிக்கும் தொடர்ந்து நீண்டது. காலை எட்டரை மணிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கைமானியையும் அளந்தேன். கவிழ்தொட்டி, எதிர்பார்த்த வண்ணமே, அதைவிடக் கொஞ்சம் குறைவாக எழுதியிருந்தது. அந்தக் குறைவு மழை வலுத்த மணிகளில்தான் ஏற்பட்டிருக்கும் என்று கோட்டைப் பார்த்தே பங்கிட முடிந்தது. வாய்க்கால் மதகைத் திறப்பது பற்றிப் பேச வந்திருந்த பக்கத்து வயல்காரர் ஒருவர், ராத்திரி எந்த நேரத்தில் எவ்வளவு பெய்தது என்பதை அந்தத் திரையில் பார்த்துவிட்டு, "இரண்டு மணிக்கு மேல குறைஞ்சிருக்கு, தண்ணி சாயந்தரத்துக்குள்ள வடியும்" என்று தம் அநுபவத்தோடு சேர்த்துச் சொன்னார். அவ்வாறே வடிந்தது.

நிலையத்தைப் பராமரிக்கும் வேலைகளை விவரித்தால் நீளும். புனலின் வாயில் குளவி மண்கூடு கட்டும். தென்னம்பூ விழுந்து துளையை அடைக்கும். காக்கை விளிம்பில் உட்காரும். புரட்டாசியில் ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, அளந்த நீரை மெதுவாக ஊற்றிக் கிண்ணத்தின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இப்போது எனக்கு முன்னிருக்கும் காரியம் வேறு. கஜாவில் எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த தென்னைகள் அனைத்தும் சாய்ந்து வெட்டவெளியான பின்புதான் நான் இந்த நிலையத்தை நிறுவினேன். காற்றுமானிக்கும் சூரியப்பலகைக்கும் அவ்வளவு திறந்த இடம் கிடைத்ததற்கு அந்த அழிவே காரணம். பக்கத்துத் தோப்புக்காரர் மறு ஆண்டே நட்ட கன்றுகள் இன்று காய்ப்புக்கு வந்துவிட்டன. வடகிழக்குக் காற்றின் சராசரி வேகம் ஆண்டுக்காண்டு குறைந்துவருவதைப் பார்க்கிறேன். காற்று குறையவில்லை, மட்டைகள் உயர்கின்றன. அந்த ஆண்டுகளின் பக்கத்தில் மரங்களின் உயரத்தையும் குறித்துவைக்கிறேன், பின்னால் படிப்பவர்கள் பிழையாகப் பொருள் கொள்ளக் கூடாதென்று. சென்ற மார்கழியில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் தென்னோலையின் நிழல் பலகையின் பாதியை மூடியது. மரங்களை வெட்டச் சொல்லும் எண்ணம் எனக்குக் கனவிலும் இல்லை. பலகையை மாடிப்படி அறையின் கூரைக்கு மாற்றிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். "கம்பி நீளுது சார், மெல்லிசு வயர்னா வழியிலேயே பாதி போயிரும்" என்று மாணவன் எச்சரித்தான். கனமான செப்புக் கம்பி வாங்கியாயிற்று. பலகையைக் கழற்றிப் புதிய இடத்தில் பூட்டும் வரையில் பேட்டரி தாங்கிக்கொள்ளும். ஐப்பசி பிறப்பதற்குள் அந்த வேலையை முடித்தாக வேண்டும்.